‘குடி’ என்று சொன்னபோது

பிள்ளைகளே, என் மகள் பாத்திமாவுக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்திருந்தாள். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“குடிம்மா, என் தங்கம்ல!” என்று கெஞ்சினேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“ஒரு வாய் குடி, கண்ணு!”

“பிடிவாதத்தப் பாரு! ரெண்டு போடுங்க பாய், தானா குடிப்பா!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தம்ளரைத் தட்டிவிட்டாள்.

எல்லாரும் போனபின் சோர்ந்து உட்கார்ந்தேன். “கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை காஞ்சுபோச்சு” என்று முனகியபடி, சொம்பிலிருந்து கொஞ்சம் குடித்துக் கீழே வைத்தேன். அவள் கை நீண்டது. சொம்பை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்தாள்.

அதிர்ந்துபோனேன். “இவ்வளவு தாகத்த வச்சிக்கிட்டா குடிக்காம கெடந்தே?”

“குடிக்கணும்னுதான் இருந்துச்சு வாப்பா. எல்லாரும் குடி குடின்னா பயமா வருது. தொண்டை மூடிக்கிடுது. நான் மூடல.”

அந்த நேரம் பார்த்து என் மனைவி கஞ்சியோடு வந்து, “குடி…” என்று ஆரம்பித்தாள். சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். கிண்ணத்தைப் பாய் ஓரம் வைத்துவிட்டு இருவரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

பின்னாளில் ஒரு டாக்டரம்மா, பாத்திமாவுக்கு இருப்பது ஆட்டிசம் என்றார். ஏதாவது செய்யச் சொன்னாலே உடம்பு மறுத்துவிடும் பிள்ளைகளும் அதில் உண்டாம். வா, உட்கார், சாப்பிடு என்று சொல்லித்தானே நாம் அன்பு காட்டுகிறோம்! அந்த அன்பாலேயே மகளைத் தாகத்தில் பறிகொடுக்க இருந்தேன்.