அந்த வண்டி இங்கே நிற்காது

எங்கள் ஸ்டேஷனில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வருந்துகிறோம்’ என்றுதான் கூப்பிடுவோம். “வருந்துகிறோம் வந்தாச்சா?”, “வருந்துகிறோம் சாப்பிடப் போயிருக்கு.” ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது அவள் வேலை. வண்டி தாமதம், வண்டி ரத்து, வண்டி வேறு பிளாட்பாரம், எதுவானாலும் கடைசியில் ‘பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று முடிக்க வேண்டும். யார் யாரோ செய்த தப்புக்கெல்லாம் இத்தனை வருஷமாக அவள் ஒருத்தி வருந்திக்கொண்டிருக்கிறாள்.

நான் பக்கத்து விசாரணை ஜன்னலில் உட்காருகிறவன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதிலும் கீழே உடைந்த இடத்தில் அட்டை ஒட்டியிருக்கிறது. அவள் மைக்கில் வருந்துவாள். அதற்குண்டான திட்டு என் ஜன்னலுக்கு வரும். அப்படிப் பாகம் பிரித்துக்கொண்ட பிழைப்பு எங்களுடையது.

பிளாட்பாரம் பெருக்கத்தான் முதலில் வந்தாள். ஒரு நாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நின்றுகொண்டிருந்தவளிடம் காகிதத்தை நீட்டி, “எழுத்துக் கூட்டிப் படிப்பியா?” என்று கேட்டார்கள். அவள் கூட்டாமலேயே படித்தாள். அவசரமே இல்லாத குரல். மூன்று மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால்கூட, சரி, உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்று தோன்றும். “வீட்லயும் ‘சாப்பாடு தட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது’ன்னுதான் சொல்லுவியா?” என்று நான் சீண்டுவேன். “சாப்பாடு ரத்துன்னு சொல்லுவேன், அவர் எழுந்து சமைப்பார்” என்பாள்.

படிக்க வைத்தது அவளுடைய அக்கா. தாய் இல்லாத வீட்டில் அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்து, தங்கையைப் பள்ளிக்கு அனுப்பினாள். “நான் வாசிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அவ தைச்சது” என்று ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது விளையாட்டுக் குரல் இல்லை.

பிறகு ரயில்வேக்குச் சீர்திருத்தம் வந்தது. தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு, வண்டி இன்னொரு கம்பெனிக்கு. பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி, ஆணி கழன்றால்கூட ‘அது உன் பக்கம்’ என்று சண்டை. சின்ன ஸ்டேஷன்களிலிருந்து ஆட்களை எடுத்துவிட்டார்கள். ஒரு டிக்கெட் மெஷினும் ஒரு ஒலிபெருக்கியும்தான் மிச்சம். அந்த ஒலிபெருக்கிகளின் இணைப்பெல்லாம் எங்கள் ஸ்டேஷனுக்கு, இவளுடைய மைக்குக்கு வந்து சேர்ந்தது. ஆள் இல்லாத அந்த ஸ்டேஷன்களில் இவள் குரல் ஒன்றுதான் ஆள்.

இன்னொரு விதியும் வந்தது. கடைசி ஸ்டேஷனுக்கு, அதாவது எங்கள் ஸ்டேஷனுக்கு, வண்டி நேரத்துக்கு வந்ததா என்பது மட்டும்தான் கணக்கு. தாமதமானால் கம்பெனிக்கு அபராதம். நடுவில் ஒரு ஸ்டேஷனில் நிற்காமலே போனால் அபராதம் கிடையாது. விடுவானா? வண்டி தாமதமாகிறதென்றால் சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டு ஓட்ட ஆரம்பித்தார்கள். நேரம் தவறாமை எகிறியது. வாசலில் ஆளுயரப் பலகை வைத்துப் பெருமை அடித்துக்கொண்டார்கள். ஆபரேஷன் வெற்றி, நோயாளி காலி என்பது இதுதான்.

அக்காவின் வீடு அப்படி ஒரு சின்ன ஸ்டேஷன் பக்கம். அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். காலை வண்டி ஒன்றுதான் வழி. அடுத்தடுத்து இரண்டு தடவை அந்த வண்டி நிற்காமல் போனது. இரண்டாம் தடவை அவர் உடம்பு ஊதி, மூச்சு வாங்க, மூட்டை ஏற்றிவந்த ஒரு வேனில் மூட்டைகளின் மேலேயே படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். பிழைத்தது பெரிய விஷயம். நிற்காது என்று இரண்டு முறையும் அறிவித்தவள் தங்கை. அக்கா அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. “நீ என்னடி பண்ணுவே, எழுதிக் குடுத்ததைப் படிக்கிறே” என்றாளாம். திட்டியிருந்தால் தேவலை என்று இவள் அழுதாள்.

இந்தச் சமயத்தில், சீர்திருத்தம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று எங்கள் ஸ்டேஷன் மாடியிலேயே கூடப்போவதாகச் செய்தி வந்தது. அக்கா குழுவுக்கு எழுதிப் போட்டாள். நேரில் வந்து சொல்லும்படி பதில் வந்துவிட்டது. மாடிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெண்கள் கழிப்பறையில் எந்தக் காலத்துப் பூட்டோ தொங்கிக்கொண்டிருந்தது, அதை உடைத்தார்கள்.

தலைநகரிலிருந்து குழு வருவதும் அதே காலை வண்டியில்தான். கடைசிப் பெட்டியை அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். முந்தின நாளே வந்துவிடட்டுமா என்று அக்கா கேட்டாள். “மாமாவை ராத்திரி தனியா விட்டுட்டு எதுக்குக்கா? வருஷத்துல ஒரு நாள் இந்த வண்டி கண்டிப்பா நிக்கும்னா அது நாளைக்குத்தான். உள்ள உட்கார்ந்திருக்கிறதே கமிட்டி!” என்றாள் தங்கை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காலையில், வண்டிகளை இயக்கும் கன்ட்ரோல் அறையிலிருந்து போன் வந்தது. குழுவில் ஒரு உறுப்பினர் பூச்செண்டு வாங்கி, படம் பிடித்துக்கொண்டு வரத் தாமதமாகி, அவருக்காக வண்டியை நிறுத்திவைத்திருந்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம்.

“நடுவுல எங்கேயும் நிக்காது. அறிவிப்பு குடுத்துடுங்க” என்றார் கன்ட்ரோல்காரர். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“சார், அங்க கமிட்டி கூப்பிட்ட சாட்சி நிக்கிறாங்க.”

“யாரா இருந்தா என்னம்மா? கமிட்டி ஏறின வண்டியே லேட்டா போய் நின்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“எங்க அக்கா சார்.”

“மேலேர்ந்து ஆர்டர்மா. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?” என்று வைத்துவிட்டார்.

சொல்லமாட்டேன் என்று மைக்கை மூடிவிட அவளால் முடியாது. நிற்கும் என்று நம்பி ஜனங்கள் பிளாட்பார ஓரத்துக்கு வந்துவிடுவார்கள். வண்டி முழு வேகத்தில் வரும். அதனால் சொல்லியாக வேண்டும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மைக்கைத் திறந்தாள்.

“பயணிகளின் கனிவான கவனத்துக்கு. அடுத்து வரும் வண்டி இங்கே நின்று செல்லாது. பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு...”

அதற்கு மேல் வரவில்லை. மைக் திறந்தே இருந்தது. பிறகு சொன்னாள்: “அக்கா, மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நில்லுக்கா.”

வழிநெடுக எல்லா ஸ்டேஷனிலும் அது கேட்டிருக்கும்.

வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள். குழு மாடிக்குப் போனதும் அவள் எழுந்து பின்னாலேயே போனாள். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய்க் கதவோரம் நின்றேன்.

கம்பெனி இயக்குநர் பேசினார். “வேற சாட்சி எதுக்கு? நீங்க வந்த வண்டியே சாட்சி.” பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி! உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தபடி மேஜையைத் தட்டினார்கள். பிறகு தலைவர், பயணிகள் தரப்புச் சாட்சியைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. “சாட்சி வரவில்லைன்னு எழுதிக்குங்க” என்றார்.

“அப்படி எழுதாதீங்க ஐயா” என்றாள் இவள். அவசரமில்லாத அதே குரல். எல்லோரும் திரும்பினார்கள். “அவங்க வந்தாங்க. வண்டிதான் நிக்கலை. நீங்க வந்த வண்டி.”

“நீங்க யாரும்மா?”

“நிக்காதுன்னு சொன்னது நான்தான்.”

இயக்குநர் எழுந்து, “வண்டி நேரத்துக்கு வந்ததுங்க” என்றார். அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும் போலிருக்கிறது. குழுவின் செயலர் தலைவரிடம் குனிந்து, அழைக்கப்படாதவர் பேசினால் பதிவாகாது என்றார்.

அப்போது பூச்செண்டோடு தாமதமாக வந்த அந்த உறுப்பினர் தொண்டையைச் செருமினார். அவர் முகம் என்னவோ போல் இருந்தது. “ஒரு சின்ன ஸ்டேஷன்ல ஒரு அம்மா தனியா நின்னு கையாட்டினாங்க” என்றார். “கமிட்டியைப் பார்க்க வந்திருக்காங்கன்னு நினைச்சு நானும் கையாட்டினேன்.”

“நான் சொன்னது பதிவாகுமா?” என்று அவரே கேட்டார். உறுப்பினர் சொன்னால் பதிவாகும் என்றார் செயலர். அக்கா எழுத்து மூலமாக அனுப்பலாம் என்று தலைவர் சொன்னார். எழுத்து மூலமாக அனுப்பியதைப் பார்த்துத்தானே நேரில் கூப்பிட்டார்கள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைப் புரட்டியிருப்பேன். மாலை வண்டியில் குழு கிளம்பிப் போனது.

மாதங்கள் கழித்து அந்த விசாரணை அச்சாகிப் புத்தகமாக வந்தது. எல்லாம் உண்மைதான். வண்டி நேரத்துக்கு வந்தது. சாட்சி வரவில்லை. ஓர் உறுப்பினர், நடைமேடையில் ஒரு பெண்மணி கையசைத்ததாகவும் தாமும் பதிலுக்குக் கையசைத்ததாகவும் தெரிவித்தார். விதியைப் பற்றி, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரி.

வண்டியை நம்பிப் பயனில்லை என்று அக்காவும் மாமாவும் தங்கையின் இரண்டு அறை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அக்காவின் தையல் மெஷின் இப்போது அடுப்படியில் இருக்கிறது. புத்தகத்தைக் காட்டப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன்.

“என்னைப் பத்தி எழுதியிருக்காங்களாடி?” என்று அக்கா தையலை நிறுத்திக் கேட்டாள்.

“எழுதியிருக்காங்கக்கா.”

“என்னன்னு?”

தங்கை அந்த வரியைப் படித்தாள். மைக்கில் படிக்கிற மாதிரி நிதானமாகப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அக்கா அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“நிறுத்தச் சொல்லித்தானேடி ஆட்டினேன்” என்றாள்.