அடியிலையில் விழுந்த புள்ளிகள்

என் மனைவி நோயில் கிடந்த வருஷம் நான் மொட்டைமாடியில் கஞ்சாச் செடி வளர்த்தேன். முப்பது வருஷம் அரசு வேலை பார்த்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்ற ஆள் நான்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். மதுரையில் வைத்தியம். அங்கே கொடுத்த மாத்திரைகளில் வலி ஓரளவு கட்டுப்பட்டது. சாப்பாடுதான் இறங்கவில்லை. கஞ்சி, இளநீர், மோர் என்று எதைக் கொண்டுபோனாலும் வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் போலவே காத்துக் கிடந்த மலையோரத்து ஊர்க்காரர் ஒருவர், தன் அண்ணனுக்கு இந்தச் செடியைக் கொடுத்த பிறகு நாலு வாய் சோறு இறங்கியதாகச் சொன்னார். அடுத்த தடவை வந்தபோது காகிதத்தில் மடித்துக் கொஞ்சம் விதை கொடுத்தார். காரைக்குடி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவளிடம் சொன்னதும் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"கல்யாணமாகி வந்ததுலருந்து ஒரு ரோசாச்செடிக்குத் தண்ணி ஊத்திருக்கீகளா? மொத மொதல்ல வளக்குறது கஞ்சாவா?"

"ஒனக்காகத்தான்."

"போலீசு வந்தா நோயாளின்னு என்னையக் காமிச்சு விட்ருங்க."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெயின்ட் வாளிகளில் விதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள்; அந்த வீடு பூட்டியே கிடக்கும். அதனால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை. செடிகள் முழங்கால் உயரம் வந்தன. ஆவணியில் நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தது. அது விட்ட பிறகு போய்ப் பார்த்தால் இலைகளில் பழுப்புப் புள்ளிகள். உரம் போதவில்லை என்று நானே முடிவு செய்து, யூரியா வாங்கிவந்து கை நிறைய அள்ளிப் போட்டேன். ஒரு வாரத்தில் இலைகளின் நுனி கருகிச் சுருண்டது. புள்ளிகளும் குறையவில்லை.

யாரிடம் கேட்பது? மற்ற செடியென்றால் இலையைக் கிள்ளிக்கொண்டு உரக்கடைக்குப் போகலாம். இந்த இலையை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போக முடியும்? கடைசியில் ஒரு கிண்ணத்தில் நாலைந்து இலைகளைப் போட்டு அவள் கட்டிலுக்கே கொண்டுபோனேன்.

அவள் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். கடலைக்காட்டிலும் மிளகாய்த் தோட்டத்திலும் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பச்சையாக இருந்தது அத்தனையும் அவள் வைத்தது. தலையணையில் சாய்த்து உட்காரவைத்தேன். ஒரு இலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள்.

"நூலாம்படை மாதிரி எதுவும் இல்ல. பூச்சி இல்ல இது. நீங்க பேப்பர் படிக்கிற லென்ஸ எடுத்தாங்க."

எடுத்து வந்தேன். அவள் இலையைப் பிடிக்க, லென்ஸை நான் பிடித்துக்கொண்டேன். அவள் தலைக்குப் பக்கத்தில் தலையை வைத்து நானும் பார்த்தேன். நடுவில் பழுப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். பழுப்புக்குள்ளே ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

"மொதல்ல எங்க வந்துச்சு? அடியிலையிலயா, கொழுந்துலயா?"

"அடியிலதான். இப்ப மேல ஏறுது."

"நுனி கருகுனது வேற. அது நீங்க அள்ளிப் போட்ட உரம். இந்தப் பொட்டு பூசணம். கடலையில டிக்கா நோய் விழுகும்ல, அது மாதிரி. தண்ணி எப்ப ஊத்துறீக?"

"சாயங்காலம்."

"எப்படி?"

"தலையோட ஊத்துவேன். குளுமையா இருக்கட்டும்னு."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரியா? ராவெல்லாம் எல ஈரமாக் கெடந்தா பூசணம் வராம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். புள்ளி விழுந்த அடியிலைகளை வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு கிள்ளி, வாளியில் விழாமல் பையில் போட்டுக் கொளுத்தினேன். ஒரு செடியைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். நெருக்கி வைத்திருந்த வாளிகளைக் காற்று போகத் தள்ளித் தள்ளி வைத்தேன். மழைத்துளி மண்ணில் விழுந்து இலைமேல் தெறிக்கக் கூடாதென்று வைக்கோல் பரப்பினேன். தண்ணீரைக் காலையில் மட்டும், செடியின் காலடியில் ஊற்றினேன். யூரியா போடுவதை நிறுத்தினேன்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். கடையில் மிளகாய்க்கு என்று சொல்லி வாங்கிவிடலாம் என்பது என் யோசனை.

"வேணாம். என் வயித்துக்குள்ள போகப் போறதுல வெசத்த அடிக்காதீக. புளிச்ச மோரத் தண்ணியில கலந்து தெளிங்க. முழுசாக் கேக்காது. கொஞ்சம் தாங்கும்."

மோர் வாங்கவோ கடையவோ வேண்டியிருக்கவில்லை. தினமும் அவளுக்கென்று கலக்கி, இரண்டு மடக்குக்கு மேல் குடிக்க முடியாமல் அவள் வைத்துவிட்ட டம்ளர்கள் இருந்தன. அதைத்தான் சேர்த்துவைத்துப் புளிக்கவிட்டுத் தெளித்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த நாட்களில் தினமும் காலையில் ஒரு இலையோடு மாடியிலிருந்து இறங்குவேன். எங்களுக்குள் பேச்சு என்றால் அதுவரை வீட்டுச் சாமான், மகள், சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம், அவ்வளவுதான். நோய் வந்த பிறகு மாத்திரை நேரம். இப்போது அவள் என்னிடம் கேள்வி கேட்டாள். மேலே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, புதுக் கொழுந்து என்ன நிறம் என்று. பதில் தெரியாமல் மறுபடி மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்று சத்தம் போட்டாள். பிறகு மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டுக் கண் சிவக்க இறங்கி வந்தாள். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புரட்டாசி முடிவில் செடிகள் தேறிவிட்டன. பழைய இலைகளில் இருந்த புள்ளிகள் அப்படியே நின்றன. புது இலைகள் சுத்தமாக வந்தன. பூ வைக்க இன்னும் சில வாரம் ஆகும் என்று விதை கொடுத்தவர் போனில் சொன்னார்.

அவளுக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் போனது. மதுரைக்கு மறுபடி கொண்டுபோனோம். வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வந்த மறுநாள் நல்ல இலை ஒன்றைக் கொண்டுபோய் அவள் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணைத் திறக்காமல் விரலால் தடவினாள்.

"பொட்டு இருக்கா?"

"இல்ல."

"அடியில பாத்தீகளா?"

"பாத்தேன். ஒண்ணுமில்ல."

"மழ வருது. தள்ளி வைங்க."

அதுதான் அவள் எனக்குச் சொன்ன கடைசி வேலை. ஐப்பசி பாதியில் ஒரு மத்தியானம் போய்விட்டாள். மகள் தலைமாட்டில் இருந்தாள். நான் ஈரத் துணியை அலசிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

மாடியில் செடி இருப்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. கேதத்துக்கு வந்த கூட்டத்தில் வீட்டுத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. எல்லாம் முடிந்த மறுநாள் காலை தொட்டியைப் பார்க்க அவள் அண்ணன் மாடிக்குப் போனார். நெற்குப்பைப் பக்கம் விவசாயம் பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். அவர் படியேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினேன்.

வாளிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சிக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. பசி எடுக்கும்னு சொன்னாக."

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல. அதுக்குள்ள..."

தலையை ஆட்டினார். குனிந்து ஒரு செடியின் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "நோய் விழுந்து தேறிருக்கே. யாரு பக்குவம் சொன்னா?"

"ஒங்க தங்கச்சிதான். படுக்கையிலருந்தே."

தங்கையின் உடலைத் தூக்கியபோது அழாத மனிதர். அந்த இலையைப் பிடித்தபடியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் போனதிலிருந்து எனக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பிறகு இரண்டு பேருமாகச் செடிகளைப் பிடுங்கினோம். வேர் மண்ணை உதறி, தண்டை ஒடித்துச் சாக்கில் அடைத்தோம். அதைத் தன் தோட்டத்து எருக்குழியில் புதைத்துவிடுவதாகச் சொல்லிச் சாக்கின் வாயைக் கட்டினார். அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார். கீழே மகள் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.