தண்ணி டீச்சரும் நெட்டை டம்ளரும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தண்ணி டீச்சர் என்று பெயர். சும்மா வந்த பெயரா அது? ஒன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு வாளி, கரண்டி, காலி மருந்து பாட்டில் என்று ஒரு சமையலறையையே தூக்கிக்கொண்டு வருவாள். எதில் அதிகம் பிடிக்கும் என்று பிள்ளைகள் முதலில் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் ஊற்றிப் பார்க்க வேண்டும். மணி அடிப்பதற்குள் தரை குளமாகிவிடும். அவள் உடுப்பு காய்ந்த நாளே கிடையாது.

"பாடம் எடுக்கறியா, இல்ல துணி துவைக்கறியா?" என்று பஸ் ஓட்டும் அவள் கணவன் தினமும் கேலி செய்வான்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. என் வாளிய நான் பாத்துக்கறேன்."

சிறுவயதில் அவளுக்குக் கணக்கு என்றால் வெறும் மனப்பாடம்தான். லிட்டர், மில்லிலிட்டர் எல்லாம் கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் கல்யாணமான புதிதில், ஒரு லிட்டர் பாலுக்கு எந்தப் பாத்திரம் என்று தெரியாமல், அடுப்பெல்லாம் பொங்கவிட்டு மாமியார் முன்னால் திருதிருவென்று விழித்தாள். இத்தனை வருஷம் என்னத்தைப் படித்தோம் என்று அன்றைக்கு வந்த எரிச்சல் இன்றுவரை தணியவில்லை. தன்னிடம் படிக்கும் ஒரு பிள்ளைகூட அப்படி நிற்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஆனால் ஈரச் சட்டையோடு வரும் பிள்ளையை எந்த அம்மா பொறுத்துக்கொள்வாள்? சளி, இருமல் என்று புகார் வந்து குவிந்தது. ஒருநாள் காலை தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். பெரிய டீச்சர் என்றால் எல்லோருக்கும் அவர்தான்.

"இந்தத் தண்ணி விளையாட்ட இன்னியோட மூட்ட கட்டிடும்மா."

"விளையாட்டில்லம்மா, அதுதான் பாடம்."

"பாடமெல்லாம் புஸ்தகத்துல இருக்கு."

வாளிகளை மூலையில் கவிழ்த்து வைக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கென்று பார்த்து, பால் கொடுக்கும் நேரத்தில் புது டம்ளர்கள் வந்து இறங்கின. பெரிய டீச்சரே கடை கடையாக ஏறி வாங்கியவை. பழைய டம்ளர்கள் குட்டையும் அகலமுமாக நசுங்கிக் கிடந்தன. இவையோ நெடுநெடுவென்று பளபளத்தன. புகார் சொல்ல வந்திருந்த அம்மாக்களையும் அவர் கையோடு வகுப்புக்கு அழைத்து வந்தார்.

"பாருங்க, இனிமே உங்க பிள்ளைங்களுக்குக் கூடுதலா பால்!"

அம்மாக்களுக்கு வாயெல்லாம் பல். தண்ணி டீச்சரும், அட, பரவாயில்லையே என்றுதான் நினைத்தாள். ஆமாம், சாட்சாத் அவளேதான்!

முதல் பெஞ்சில் ஒரு வாண்டு உண்டு. எல்லோரும் மிளகாய் என்று கூப்பிடுவார்கள். புகார்க்காரர்களிலேயே குரல் பெரிதான அம்மாவின் மகள். அது எழுந்து நின்றது.

"ஊத்திப் பாத்தீங்களா, பெரிய டீச்சர்?"

பெரிய டீச்சர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார்.

"பாத்தாலே தெரியுதே கண்ணு, எவ்வளவு உயரம்!"

"பாத்தா தெரியாது. ஊத்தினாத்தான் தெரியும்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கண் காட்டவில்லை. மிளகாய் பழைய டம்ளர் நிறையப் பாலை மொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு புதியதில் ஊற்றினாள். புதியது விளிம்புவரை நிறைந்துவிட்டது. பழையதில் இன்னும் பால் இருந்தது. அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, மடக்கென்று குடித்துவிட்டு, "இவ்ளோ கொறையுது" என்றாள்.

தண்ணி டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. நானே ஏமாந்தேனே, என் பிள்ளை ஏமாறவில்லையே!

பெரிய டீச்சர் நம்புவாரா? தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தானே ஊற்றினார். நம்பாமல் மறுபடி ஊற்றினார். மடியெல்லாம் கொட்டிக்கொண்டு மூன்றாவது முறையும் ஊற்றியபோது பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"டம்ளரெல்லாம் கடைக்கே திரும்பிப் போகட்டும். வாளி எங்கம்மா?"

"மூட்ட கட்டச் சொன்னீங்களே."

"அவுத்துடு, தாயே."

"அது என் பொண்ணு" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த மிளகாயின் அம்மா, தண்ணி டீச்சரிடம் திரும்பி, "நாளையிலேருந்து மாத்துத் துணி குடுத்தனுப்பறேன்" என்றாள்.

சாயங்காலம் கணவன் வழக்கம்போல வாயைத் திறப்பதற்குள் தண்ணி டீச்சர் முந்திக்கொண்டாள்.

"இன்னிக்குத் துணி துவைச்சது நானில்லீங்க. பெரிய டீச்சர்!"