வித்தைக்கார அண்ணா தாய்மாமனாய் இருந்த நாள்

எங்கள் அன்பு அண்ணா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் யாழ்ப்பாணத்து உறவினர் சிலர், "இவளுக்குக் கூடப் பிறந்தவர் ஒருத்தருமில்லையே, இதென்ன புது அண்ணா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அட்டையில் தொப்பியோடு சிரிக்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து, அச்சகத்தார் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்தான் என் அண்ணா.

அண்ணா போலந்து நாட்டின் சிறுபட்டினம் ஒன்றில், யூதக் குடும்பத்தில், மணிக்கூடு திருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். அவருக்குப் பின் ஒரு தங்கை. தகப்பனின் நுணுக்கமான விரல்கள் வாய்த்தும் அவர் மணிக்கூட்டுப் பக்கம் போகவில்லை. சீட்டையும் காசையும் மறைத்து, மேடையேறிப் பெயரெடுத்தார். பிறகு போர் வந்தது. நாஜிகள் குடும்பத்தோடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோரும் தங்கையும் திரும்பவில்லை.

அண்ணா தப்பியது வித்தையால். முகாம் அதிகாரி ஒருவனுக்கு வித்தையில் பைத்தியம். தனக்கும் பழக்கு என்று நின்றான். மாட்டேன் என்றால் அடி. முழுவதும் பழக்கினால் பிறகு இவர் எதற்கு? ஆகவே ஒவ்வொரு வித்தையிலும் ஒரு சின்ன அசைவை மட்டும் ஒளித்துவைத்துப் பழக்கினார். அவனுக்கு வித்தை பிழையாய்ப் போகும். மறுபடி இவரைக் கூப்பிடுவான். ஒரு துண்டுப் பாண் ரொட்டி கிடைக்கும். சட்டைக் கைக்குள் வித்தைச் சாமான் ஒளிக்கவென்று இரகசியப் பை தைத்துக் கொடுத்தவர் கூட இருந்த ஒரு தையற்காரர். பிடிபட்டிருந்தால் இருவருக்கும் சாவுதான். அந்தப் பாணில் பாதி தையற்காரருக்கு. ஆனாலும் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. "என்ர கெட்டித்தனம் எண்டு சொல்லாதேங்கோ, அது அந்த மனுசன்ர நூல்" என்பார் அண்ணா. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவர் குரல் எனக்கு இப்போது எங்கள் பேச்சிலேயே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

போர் முடிந்தபின் மெல்பேர்ணுக்கு வந்து, பகலில் தொழிற்சாலை வேலையும் விடுமுறை நாட்களில் பிள்ளைகளின் பிறந்தநாள் வித்தையுமாக இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் செயின்ட் கில்டாவில் ஒரு மாடிவீட்டில் குடியேறியபோது, எதிர்க்கதவு அண்ணாவுடையது. எங்கள் குசினியில் கடுகு வெடித்த சத்தத்துக்கு ஓடிவந்தவர், சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதன்பின் அவர் வராத நாள் குறைவு.

மகளுக்குக் காது குத்தும் வயது வந்தது. தாய்மாமன் மடியில் இருத்தித்தானே குத்த வேண்டும்!

"தாய்மாமனுக்கு எங்க போறது? கடையில வாங்கேலுமே?" என்றார் என் கணவர்.

"எதிர்வீட்டில இருக்கிறாரே," என்றேன் நான்.

கேட்டபோது அண்ணாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பெரிய வேலை ஒண்டுமில்லை. அவள் துள்ளாமல் இரண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சால் காணும். டொக்டர் ஊசியால குத்திப்போடுவார்" என்றேன். அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். சில நாட்கள் அந்தக் கதவு திறக்கவில்லை. நாங்கள் தட்டியும் பார்த்தோம். ஒரு தாய்மாமனும் போய், இருந்த சிநேகிதமும் போச்சே என்று நான் தவித்துப்போனேன்.

பிறகு அவரே வந்தார். சட்டைக் கையை மடித்து, முகாமில் பச்சை குத்திய இலக்கத்தைக் காட்டினார்.

"ஒருத்தன் என்ர கையைப் பிடிச்சான், மற்றவன் குத்தினான். பிடிச்சவனும் கைதிதான், பாவம். ஊசிக்காரன்ர முகம் மறந்துபோச்சு. பிடிச்சவன்ர முகம் மட்டும் போகுதில்லை. என்ர தங்கச்சியையும் ஆரோ ஒருத்தன் பிடிச்சுத்தானே இருப்பான். நான் எப்பிடிப் பிள்ளையைப் பிடிக்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பிடிக்க வேண்டாம் அண்ணா. வேற ஆரையும் பாக்கிறம்" என்றேன். அண்ணா என்று நான் முதன்முதலில் அழைத்தது அப்போதுதான். அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். சொன்னேன். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"நான்தான் இருத்துவன்," என்றார். "ஆனால் பிடிக்க மாட்டன்."

அன்று மேடைக் கோட்டோடு வந்து கதிரையில் அமர்ந்தார். என் கணவர் கோட்டின்மேல் சால்வை போட்டுவிட்டார். மகள் மடியில். அவள் கைகள் இரண்டும் விட்டபடி. சிவப்புக் கைலேஞ்சித் துணி ஒன்று அண்ணாவின் கைக்குள் போனது, விரித்தால் காணோம். மகள் அவர் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தேடுவதற்குள் ஒரு காது முடிந்துவிட்டது. இரண்டாவது காதுக்கு வீரிட்டுக் கத்தினாள். வித்தையும் ஓரளவுக்குத்தானே! ஆனால் கத்தியபடி அவள் கட்டிப்பிடித்தது அண்ணாவின் கழுத்தைத்தான். அண்ணாவும் எல்லாருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார்.

அதன்பின் அவர் ஒரு தாய்மாமன் குறையும் வைக்கவில்லை. என் கணவர் சத்தம் போட்டால் "என்ர தங்கச்சியோட மெல்லக் கதையும்" என்று சண்டைக்கும் வருவார்.

நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கைகொடுத்த எல்லாருக்கும் எங்கள் நன்றி. காது குத்திய டொக்டர் நாள்தோறும் வந்து பார்த்தார். அண்ணா பாண் வாங்கும் யூதக் கடைக்கார அம்மா சூப் காய்ச்சிக் கொண்டுவந்தா. அடக்கத்தன்று அவர்கள் மந்திரம் சொல்ல யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டுமாம். ஆள் குறைந்தபோது, தெருவில் போன யூதர்களைக் கையோடு கூட்டிவந்தது அவதான். முன்பின் தெரியாத அந்தப் பெரியவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அங்கே ஒரு பெரியவர், "துக்கம் காக்க இவருக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"நான் தங்கச்சி," என்றேன்.

அவர் என் பொட்டைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். கடைக்கார அம்மா முன்னுக்கு வந்து, "ஓம், தங்கச்சிதான்" என்றா. இரத்த உறவுகள் உடுத்திருக்கும் துணியைக் கிழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். சின்னக் கத்தியால் என் சேலைத் தலைப்பில் கொஞ்சம் வெட்டிவிட்டு, "மிச்சத்தை நீயே கிழி, பிள்ளை" என்றா. கிழித்தேன்.

சகோதரத்துக்காகக் கிழித்ததை ஒரு மாதம் போனபின் தைக்கலாமாம். நான் தைக்கவில்லை. திவசத்துக்கு வந்து என்னை அந்தக் கிழிந்த சேலையில் காண்கிறவர்கள், இவளிடம் நல்ல சேலை இல்லையோ என்று எண்ண வேண்டாம். நானும் அண்ணன் உள்ளவள் என்பதற்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி அது ஒன்றுதான்.