பெண்கள் பக்கத்துக் கூலி

எங்கள் கடை கட்டிங் மாஸ்டருக்கு நான் இரண்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். அது பாக்கி என்றே முதலில் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, ஒற்றைத் தையல் மெஷினில் தொடங்கி, இன்று ஒன்பது மெஷின் ஓட்டுகிறவன் நான். கணக்கில் என்னை யாரும் அசைத்ததில்லை.

மாஸ்டரை எல்லோரும் ஒல்லி என்போம். கடையில் வேலை செய்கிற ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்; ஆறு வருடமாக ஆண்கள் பக்கத்தில் கோட்டு வெட்டியவர். ஒரு திங்கட்கிழமை, தானே தைத்த நீலச் சுடிதாரில் வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"முதலாளி, நான் பொண்ணு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். இனிமே இப்படித்தான் வருவேன். வேலை உண்டா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்காக மலைத்து நிற்கிற ஆளா நான்? சுடிதாரின் கழுத்துத் தையலைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. "சரிம்மா, போய் வேலையைப் பாரு" என்றேன். 'தம்பி' என்று பழகிய வாயை ஒரே மூச்சில் திருப்பினேன். படித்தவர்கள் இதற்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களாம்.

சனிக்கிழமை கூலி வாங்கியவள் அங்கேயே நின்றாள்.

"ரெண்டாயிரம் குறையுது முதலாளி. பழைய வீட்டுல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இன்னைக்குப் புது ரூமுக்கு அட்வான்ஸ் கட்டலேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"குறைக்கலம்மா. உன்னைப் பொண்ணுன்னு முழு மனசா ஒத்துக்கிட்டேன். நம்ம கடையில பொண்ணுங்களுக்கு இதான் கூலி."

"ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. அதுக்கு அபராதம் உண்டுன்னு தெரியாமப் போச்சு."

பெண்கள் பக்கத்தில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என் மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, அதே கை, அதே கத்தரி. ஒரு வாரத்துல இவகிட்ட என்ன குறைஞ்சுது?"

"அது கடை வழக்கம்."

"யாரு வெச்ச வழக்கம்?"

நான் வைத்ததுதான். அதற்குள் பெண்கள் பக்கத்து மெஷின்கள் எல்லாமே நின்றுவிட்டன.

இரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒல்லி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"இனிமே ரெண்டு பக்கமும் ஒரே கூலி" என்று நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தேன். இந்த வட்டாரத்தில் அதை முதலில் செய்தவன் நான்தான், யாரையும் விசாரித்துக்கொள்ளலாம்.

"சந்தோஷம்" என்று என் மனைவி கையை நீட்டினாள். "என்னோடத எடுங்க."

"உனக்குமா? வீட்டு ஆளுக்கு ஏது கூலி?"

"நான் எந்தப் பக்கம் உட்கார்ந்து தைக்கிறேன்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன். அவளும் கூடவே, சத்தமாக எண்ணினாள்.