ஆறாவது ஏரி

1988ஆம் ஆண்டின் என் டயறி நீல அட்டை போட்டது. அதில் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், "ஏரிகள் ஐந்து. பிழை திருத்தப்பட்டது. இரண்டாம் பரிசு" என்று எழுதியிருக்கிறேன். அன்று நடந்ததில் நான் பதிந்தது அவ்வளவுதான். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

எனக்குப் பதினொரு வயது. லண்டனில் ஹரோவில் குடியிருந்தோம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் மாதிரியைச் செய்ய எடுத்துக்கொண்டேன். பனியாறு குடைந்த குழிகளில் நீர் தேங்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே ஓடையில் கோத்ததுபோல ஐந்து ஏரிகள். நூலகப் புத்தகத்துப் படத்தில் அப்படித்தான் இருந்தது. பழைய பத்திரிகைகளைக் கோதுமை மாக்கூழில் தோய்த்து, அடிமட்டத்தால் அளந்து அளந்து மலையை எழுப்பினேன்.

அப்பாவின் தம்பி எங்களிடம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பெற்றோல் நிலைய வேலை முடிந்து வந்தவர், கோட்டைக் கழற்றாமலே படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறு இருக்கு, பிள்ளை."

"படத்தில அஞ்சுதான், சித்தப்பா."

"இந்தப் பாறைக்குப் பின்னால ஒண்டு. கீழ நிண்டு படம் எடுத்தவனுக்குத் தெரியாது. நாங்கள் ராவில எல்லை தாண்டி மேலாலதானே நடந்து வந்தனாங்கள்." ஈரக்கூழில் பெருவிரலை அழுத்திக் குழி செய்தார். "இதடியிலதான் எங்களோட வந்த ஒரு பெடியனை விட்டிட்டு வந்தனாங்கள்."

"ஏன், அவருக்கு லண்டனுக்கு வர விருப்பமில்லையோ?"

"களைச்சுப்போனான்."

களை ஆறிவிட்டுப் பின்னால் வருவாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவரிடம் மறுத்துச் சொல்ல முடியாமல் அந்தக் குழிக்கும் நீல வர்ணம் பூசினேன். படத்தோடு ஒத்துப்போகாத ஒரு குழி என்னை நாலு நாள் உறுத்தியது.

கண்காட்சி அன்று அப்பாவுக்கு ஷிப்ட். சித்தப்பாதான் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, மாதிரியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். ஆசிரியர் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து எண்ணினார். ஏன் ஆறு என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பின்னால் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அது இவர் செய்தது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர். இவருக்கு ஒன்றும் தெரியாது."

சித்தப்பா எனக்கு அரை முழத் தூரத்தில் நின்றார். அந்த அளவு ஆங்கிலம் அவருக்கு விளங்கும். "என்னுடைய பிழைதான், சேர்," என்றார், அவரும் ஆங்கிலத்திலேயே.

ஆசிரியர் கொஞ்சம் பஞ்சு தந்தார். அதைப் பனியாக்கி ஆறாவது ஏரியை மூடினேன். பசைப் போத்தலைச் சித்தப்பா பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "வீட்டை போய் அந்தப் பஞ்சை எடுத்துவிடட்டே, பிள்ளை?"

"வேண்டாம். பரிசு தந்தது அஞ்சுக்குத்தான்."

"ஓம். அதுவும் சரிதான்."

மாதிரி அவர் மடியில்தான் இருந்தது. பஸ் கதவு திறந்து காற்று வந்த ஒவ்வொரு தடவையும், பஞ்சு பறந்துவிடாதபடி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

என் பரிசைப் பாதுகாக்கிறார் என்று நினைத்தேன்.