குடிக்காதவன் செய்த சத்தியம்

ஆபத்தில் கிடப்பவனுக்கு முன்பின் தெரியாதவர்கள் உதவுவார்களா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உதவுவார்கள், ஓடியும் போவார்கள். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் பார்த்தவன் நான். அதில் யாரைக் குறை சொல்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய மறுவருஷம் அது. ராசிபுரத்தில் நான் நெய்த சேலைகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, எருமப்பட்டிப் பக்கம் ஊர் ஊராக விற்கப் போயிருந்தேன். அந்தக் கோடையில் அங்கங்கே வாந்திபேதி பரவுகிறது என்று பேச்சு. சாலையில் நடக்கும்போதே எனக்கும் குடலைப் புரட்டியது. இரண்டு தடவை வாந்தியெடுத்து ஒரு வேப்பமரத்தடியில் சுருண்டுவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கிடைக்காவிட்டால் அங்கேயே செத்துவிடுவேன் என்று பயந்தேன்.

மாட்டுவண்டியில் வந்த இருவர் இறங்கினார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்றார் ஒருவர்.

வாந்தி, வயிறும் போகிறது என்றேன். அவர்கள் வண்டிக்குத் திரும்பிய வேகத்தைப் பார்க்கவேண்டுமே! சக்கரத்துப் புழுதி என் முகத்தில் விழுந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன், மனதுக்குள்தான். கத்தத் தெம்பில்லை.

பிறகு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் காட்டு வேலைக்காரர்களுக்கு நீராகாரப் பானை. பக்கத்தில் கிடந்த வாந்தியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, குடிச்சுப்போட்டு உழுந்து கெடக்கறீங்களா?"

என் நாக்கில் ஒரு சொட்டுக் கள் பட்டதில்லை. ஆனால் வண்டிக்காரர்கள் போன வேகம் கண்முன் நின்றது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"போலீசு வந்தா இழுத்துட்டுப் போயிருவாங்க. எங்கூட்டுக்காரரு அப்படித்தான் ஜெயில்ல கெடக்கறாரு. எந்திரிங்க சாமி."

கையைப் பிடித்து இழுத்துப்போய், தன் வீட்டுச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் படுக்கவைத்தாள். உப்புப் போட்ட நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அதே கையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்குவரை வந்த உண்மையை அடுத்த வாய் நீராகாரத்தோடு விழுங்கிவிட்டேன். பொழுது சாய, நடக்கத் தெம்பு வந்தது. என்னைப் பிடித்தது அந்த நோய்தானா, வழியில் தின்ற ஏதோ ஒன்றா என்பது இன்றும் தெரியாது.

அதன் பிறகு சரியான தூக்கமில்லை. தறியில் உட்கார்ந்தால் அந்தக் குழந்தையின் வாய்தான் ஞாபகம் வரும். பத்து நாள் பொறுத்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன்.

அவள் வீட்டு வாசலில் குழந்தை மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தது. அது உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குடித்ததற்கு வெட்கப்பட்டு அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அழுவாதீங்க. இவன் தலைமேல கைய வெச்சு, இனிமே தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, போதும்."

எதைச் சொல்வது? சொன்னால், அன்று எதைத் தொட்டோம் என்று தெரிந்து அவள் தூக்கமும் கெடும். அவளுக்காகத்தான் வாயை மூடினேனா, என் மானத்துக்காகவா? உண்மையைச் சொன்னபோது ஓடிய வண்டிக்காரர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

குழந்தையின் தலையில் கை வைத்தேன். சுடுகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் சத்தியம் செய்தேன்.